மறந்துவிடப்படும் குழாய்

அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைக் காணச் சென்ற அங்கத்தினர்கள், கட்டிலின் பக்கத்தில் சிறுநீர் வடியும் பையொன்று தொங்குவதைக் கண்டிருப்பார்கள். அதனுடன் இணைந்த மெல்லிய குழாயின் மறுமுனை நோயாளியின் சிறுநீர்ப்பையினுள் இருக்கிறது. உள்ளே சென்றபின் அதன் நுனியிலுள்ள சிறு பலூனில் நீர் நிரப்பப்படுவதால் குழாய் நழுவி வருவதில்லை. அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் ஃபோலி 1930-களில் வகுத்த முறை இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சிறுநீர் அடைத்துத் தவிப்போருக்கு இக்குழாய் பேருபகாரம். ஆயினும் கிருமிகளுக்கு இதுவே ராஜபாட்டையும் ஆகிவிடுகிறது. இயல்பாகக் கழியும் சிறுநீர் தன் வழியைத் தானே கழுவிவிடும். குழாய் இருக்கையில் அது நிகழாது. ஓட்டமற்ற வாய்க்காலில் பாசி பிடிப்பதுபோல், குழாயின் உள்ளும் புறமும் கிருமிகள் படலமாகப் படிகின்றன. மருந்து அதனுள் எளிதில் ஊடுருவுவதில்லை. குழாயுடன் இருப்போரில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகச் சேர்கிறது. அனைவருக்கும் அது நோயாவதில்லை. சிலருக்கோ குளிர்சுரம் கண்டு, கிருமி இரத்தத்திலும் கலந்து உயிருக்கே ஆபத்தாய் முடிகிறது.

ஆகவே குழாயை ஒரு நாள் முன்னதாக எடுப்பதே பெரிய தடுப்பு. எடுப்பதற்கு, அது இருப்பது நினைவில் இருக்கவேண்டும் அன்றோ! நான்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்களை வினவிய ஆராய்ச்சியொன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தம் நோயாளிக்குக் குழாய் இருப்பதை நூற்றுக்கு 28 தடவை அவர்கள் அறிந்திருக்கவில்லை. மாணவர்களிடையே இது 21. பொறுப்பு வகித்த பெரிய வைத்தியர்களிடையே 38. பதவி உயர உயரக் கட்டிலின் கீழ்ப்புறம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை போலும்.

பின்னர் அந்நாட்டில் 603 ஆஸ்பத்திரிகள் கூடி ஒரு முயற்சியை நடத்தின. குழாய் இன்றும் தேவையா என்று நாள்தோறும் கேட்பது, தூய்மையான முறையில் குழாய் செலுத்துவது முதலியவற்றில் ஊழியர்களைப் பழக்கினர். சாதாரண வார்டுகளில் தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2016-ஆம் ஆண்டின் அறிக்கை கூறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அவ்வளவு பலன் கிட்டவில்லை.

குழாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் ஊழியர் கை கழுவவேண்டும். ஒரு நோயாளியின் பையைக் காலிசெய்த பாத்திரத்தை அடுத்தவருக்கு உபயோகித்தல் ஆகாது. குழாயையும் பையையும் காரணமின்றிப் பிரிக்கவும் கூடாது.

நம் ஊர்களில் இப்பையைத் தூக்கிச் செல்பவர் பெரும்பாலும் உடனிருக்கும் உறவினரே. நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது பையை அவர் வயிற்றின்மேல் வைத்துவிடுகிறோம். தேங்கிய சிறுநீர் அப்போது திரும்ப உள்ளே பாயும். பை எப்பொழுதும் இடுப்பிற்குக் கீழே தொங்கவேண்டும், தரையிலும் படலாகாது. "இக்குழாய் இன்றும் வேண்டுமா, அம்மா?" என்று காலையில் நர்ஸைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. ஆனால் நாமே இழுத்துவிடலாகாது. பலூனிலுள்ள நீரை வெளியேற்றாமல் இழுத்தால் சிறுநீர்த் தாரை கிழிந்துவிடும்.