கொழுந்தும் பிள்ளையும்

கண்டிக்குத் தென்கிழக்கே, லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் ஜேம்ஸ் டெய்லர். பறித்த கொழுந்தை விறாந்தையில் மேசைமேல் போட்டுக் கையால் உருட்டிப் பார்த்தார். களிமண் அடுப்பில் வாட்டிப் பார்த்தார். சரிவராததை மாற்றி மறுபடி செய்தார். கொழுந்துக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு, அதைப் பறித்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

நாற்பது ஆண்டு கழித்துத்தான், 1907இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் தலையில் வைத்தது. கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறை, ஒரு வாத்தியார். அவரேதான் அதிபரும். பரிசோதகர் வரும் நாளில் இடாப்பு சரியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் தடுமாறாமல் ஒப்புவிக்க வேண்டும். அத்தோடு கடமை முடிந்தது. 1945இன் இலவசக் கல்வியும் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களில்.

நகரில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1904 முதல் 1924 வரை கண்டி திரித்துவக் கல்லூரியின் அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர், ஆங்கிலம் மட்டுமே கோலோச்சிய வகுப்பறைக்குள் சிங்களத்தையும் தமிழையும் கொண்டுவந்தார். தன் மாணவர்களைத் தானே கவனித்து எடுத்த முடிவு அது. ஆனால் அப்படிக் கவனிப்பது எல்லா அதிபர்களின் வேலையாக அன்று இருக்கவில்லை.

அதை வேலையாக்கும் வழிக்கு இன்று செயல்நிலை ஆய்வு என்று பெயர். 1940களில் உளவியலாளர் கேர்ட் லெவின் வைத்த பெயர். 1953இல் கல்வியாளர் ஸ்டீபன் கோரி அதைப் பாடசாலைக்கென்றே ஒரு நூலாக்கினார். இலங்கையில் 2006இல் வந்த பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், திட்டமிடும் பொறுப்பில் ஒரு பங்கைப் பாடசாலையின் கையிலேயே கொடுத்தது.

லூல்கந்துரைக்குப் பக்கத்தில், தெல்தோட்டையில் ஓர் அதிபர் செயல்நிலை ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் தரப் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறது. அதே சொற்களை அட்டைகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்தால் விழிக்கிறது. அதுவரை வாசித்ததெல்லாம் மனப்பாடம். அதிபர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, தினமும் காலையில் 15 நிமிடம் பிள்ளைகளைத் தரம் பாராமல் வாசிப்பு நிலைப்படி பிரித்து உட்கார வைக்கிறார். ஆறு வாரம் கழித்து மீண்டும் அட்டை. பலர் தேறியிருப்பார்கள், நாலைந்து பேர் தேறியிருக்க மாட்டார்கள். இப்போது அதே பழைய இடாப்பைப் புரட்டினால், அந்த நாலைந்து பேரும் வராத நாட்கள் ஒரே மாதிரி இருப்பது தெரியவரலாம். வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லாத நாட்கள். அடுத்த சுற்று வாசிப்பிலிருந்து தொடங்காது. பெற்றோர் கூட்டத்திலிருந்து தொடங்கும்.

பரிசோதகருக்குக் காட்ட வைத்திருந்த இடாப்பு இப்படி அதிபருக்கே ஏதோ சொல்லத் தொடங்குகிறது.

இன்றும் ஒரு சிக்கல் உண்டு. டிப்ளோமாவுக்கோ பதவி உயர்வுக்கோ எழுதிய ஆய்வு அழகாக பைண்ட் செய்யப்பட்டு அலுமாரிக்குப் போனால், அது பழைய ஒப்புவித்தல்தான். இம்முறை ஒப்புவிப்பவர் அதிபர். சோதிக்க எளிய வழி ஒன்றிருக்கிறது. அறிக்கை ஒப்படைத்த மறுமாதம் அந்த வகுப்புக்குள் நுழைந்து, அட்டைகளைக் கலைத்து ஒரு பிள்ளையிடம் நீட்டிப் பார்க்கலாம்.