நாய்க்கும் கல் நட்ட ஊர்: ஜவ்வாது மலை அடிவார நடுகற்கள் சொல்வது என்ன?

சுமார் 1,400 வருஷத்துக்கு முன்பு, தன் எருமைகளைக் காப்பாற்றப் போய் ஒரு வீரர் உயிரை விட்டார். அவருடைய நாய், வந்த கள்ளனைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது. அந்த இருவரையும் ஒரே கல்லில் செதுக்கி, பெயரும் எழுதி நட்டு வைத்தார்கள். வீரர் பெயர் கருந்தேவகத்தி. நாயின் பெயர் கோவிவன். ஆமாம், நாய்க்கும் கல்வெட்டில் பெயர் உண்டு!

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த இந்தக் கல், பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது.

நடுகல் என்றால் என்ன?

மாட்டு மந்தையை மீட்கும் சண்டையிலோ, ஊரைக் காக்கும் சண்டையிலோ இறந்தவருக்கு நடப்படும் நினைவுக்கல். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் செங்கம் வட்டாரத்தில் இவை ஏராளம். கையில் வில், குறுவாளோடு வீரர் நிற்பார். மேலே வட்டெழுத்தில் சில வரிகள் இருக்கும். தமிழக அரசின் தொல்லியல் துறை இவற்றைத் தொகுத்து, இரா.நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது.

இதில் என்ன ஸ்பெஷல்?

பெரிய கோயில் கல்வெட்டுகளில் மன்னரின் புகழ் பக்கம் பக்கமாக வரும். நடுகல்லில் மன்னர் பெயர் பெரும்பாலும் காலண்டர் மாதிரிதான்: இன்னாருடைய இத்தனையாவது ஆண்டு என்று சொல்வதோடு சரி. அடுத்த வரியிலேயே ஊர்க்காரர் வந்துவிடுவார். யாருடைய ஆள், எதற்காகச் சண்டை, எப்படி இறந்தார் என்று கல் பேச ஆரம்பித்துவிடும். அரண்மனை வரலாற்றில் இடம் கிடைக்காதவர்களின் பெயர் இன்றைக்கும் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் இந்தக் கற்கள்தான்.

எப்படி நட்டார்கள்?

தொல்காப்பியம் இதை ஆறு கட்டமாகச் சொல்கிறது. காட்சி: பொருத்தமான கல்லைத் தேடிப் பார்ப்பது. கால்கோள்: கல்லைக் கொண்டுவரும் வேலையைத் தொடங்குவது. நீர்ப்படை: நீராட்டுவது. நடுதல்: ஊன்றி நிறுத்துவது. பெரும்படை: படையல் போடுவது. வாழ்த்து: புகழ்ந்து போற்றுவது. சிற்பி செதுக்கியதோடு வேலை முடியவில்லை. கல் தேடுவது முதல் படையல் வரை பலரும் கூடிச் செய்த காரியம் இது.

இன்றைய சுவரோவியங்களோடு என்ன தொடர்பு?

சென்னை கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் பிரமாண்ட ஓவியங்கள் வரையப்பட்டன. நகரின் பல பகுதிகளிலிருந்து இடம் மாற்றப்பட்டவர்கள் வாழும் பகுதி அது. ஓர் இடத்தின் அடையாளத்தை அந்த இடத்திலேயே, எல்லோரும் பார்க்கும்படி நிறுத்துவதுதான் இரண்டுக்கும் பொது. ஆனால் பெயின்ட் வெளுத்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? எந்தப் பொதுக்கலைக்கும் வரும் கேள்வி இது. இதற்குச் செங்கத்திடம் ஒரு பதில் இருக்கிறது.

அந்தப் பதில் என்ன?

செங்கம் பக்கம் பல நடுகற்கள் இன்று ‘வேடியப்பன்’ சாமி. கல்லில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். வீரரின் பெயர் மறந்துபோனாலும் கல் தப்பித்தது. சாமியாகிவிட்ட கல்லைப் பெயர்த்து எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அப்படியென்றால் சிக்கல் இல்லையா?

இருக்கிறது. எண்ணெயும் மஞ்சளும் பெயின்ட்டும் ஏற ஏற எழுத்து மறைகிறது. வழிபாடு இல்லாத கல்லோ துணி துவைக்கவும் வரப்புக்கு முட்டுக் கொடுக்கவும் போய்விடலாம். அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனால் எழுத்து பத்திரம். ஆனால் அந்த ஊருக்கும் கல்லுக்குமான உறவு அறுந்துவிடும். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி உண்டு. காகிதத்தில் மைப்படி எடுத்து வாசகத்தைப் பதிவு செய்துவிட்டு, கல்லை இருக்கும் இடத்திலேயே விடலாம். பக்கத்தில் அந்த வாசகத்தை இன்றைய தமிழில் ஒரு பலகையாக வைத்தால், கும்பிட வருகிறவர்களுக்குத் தங்கள் வேடியப்பன் யார் என்பதும் தெரியவரும்.

உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால் சுரண்ட வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். போட்டோ எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். அதில் இன்னொரு கோவிவன் பெயர்கூட இருக்கலாம்.