வெண்ணெய்ப் பூச்சும் சர்க்கரைப் பூக்களும்

நீரும் நெய்யும் ஒன்றோடொன்று கலவா என்பதைக் கீழ் வகுப்புகளிலேயே நீங்கள் கற்றிருப்பீர்கள். அந்தச் சிறிய உண்மை ஒரு பிறந்தநாள் கேக்கின்மேல் எவ்வாறு ஆட்சி செலுத்துகிறது என்பதையே இன்று உங்களுடன் பேசக் கருதுகிறேன். கேக்கின்மேல் வெண்ணெய்ப் பூச்சுப் பூசி, அதன்மேல் சர்க்கரையாற் செய்த பூவும் இலையும் எழுத்தும் ஒட்டி அழகு செய்யும் கலை இன்று பல இல்லங்களிற் பயிலப்படுகிறது; சிலருக்கு அதுவே பிழைப்பும் ஆகும். காலையில் ஒட்டிய பூ மாலை விழாவுக்கு முன்பே சரிந்து விழுந்தால், செய்தவரின் உழைப்போடு வாங்கியவரின் நம்பிக்கையும் சரிந்துவிடுகிறது. ஆகவே அது ஏன் சரிகிறது என்று அறிவது நலம்.

முதலில் இரு பொருள்களின் இயல்பைப் பார்ப்போம். பட்டர்கிரீம் எனப்படும் பூச்சு, வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் நன்கு அடித்துச் செய்வது. வெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு கொழுப்பு. எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். ஃபாண்டன்ட் என்பதோ, பொடித்த சர்க்கரையுடன் சிறிது நீர், குளுகோஸ் பாகு, ஜெலட்டின், கிளிசரின் ஆகியவற்றைச் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோற் பிசைந்தது. சர்க்கரையும் கிளிசரினும் ஈரத்தைத் தம்பால் இழுக்கும் தன்மையுடையவை. ஒன்று கொழுப்பு, மற்றொன்று ஓயாத தாகமுடையது. இவ்விரண்டையும் இணைப்பதே நம் வேலை.

ஃபாண்டன்ட் துண்டொன்றின்மீது ஈரத் தூரிகையை இலேசாகத் தொட்டால், மேற்பரப்பிலுள்ள சர்க்கரை கரைந்து பிசுபிசுப்பான பாகாகிறது. அப்பாகே பசை. நீர் மிகுந்தாலோ பாகு நீர்த்துப்போய், பூ வழுக்கி இறங்கும், சாயமும் கசியும். எனவே ஃபாண்டன்டோடு ஃபாண்டன்டை ஒட்ட ஒரு துளி நீர் போதும். வெண்ணெய்ப் பூச்சு அப்படியன்று. அதன் கொழுப்பு நீரை விலக்கும். பூச்சுப் புதிதாகவும் மென்மையாகவும் இருக்கும்போது, மெல்லிய பூவை மெதுவாக அழுத்தினாலே பற்றிக்கொள்ளும். பூச்சு இறுகிவிட்டதா? அப்போது பூவின் பின்புறத்தில் அதே பட்டர்கிரீமைப் பட்டாணியளவு தடவி ஒட்டுங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்து வைப்பதை ஒத்தது இது.

கேக்கின் பக்கங்களில் ஒட்டுவதற்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. தட்டையாக உலர்ந்து விறைத்த இலை, வளைந்த பக்கத்தில் ஓரங்கள் தூக்கி நிற்கும். அதை வளையுந்தன்மை நீங்குமுன்பே ஒட்ட வேண்டும். அன்றேல் கேக்கின் வளைவையொத்த டப்பாவின்மேல் வைத்து உலர்த்த வேண்டும். நிமிர்ந்து நிற்கவேண்டிய உருவங்களுக்கு மாவில் சி.எம்.சி. என்னும் உண்ணத்தக்க பசைத்தூளைச் சிறிது கலந்து பிசைந்து, முன்கூட்டியே உலரவிடுவர். இத்தகைய கனத்த உருவங்களைப் பசை மட்டும் தாங்காது. உள்ளே ஒரு குச்சி வேண்டும். ஆனால் குழந்தைகள் உண்ணும் பண்டத்தில் மறைந்த குச்சி ஆபத்து. பல்குத்தும் குச்சிக்கு மாற்றாகக் காய்ந்த ஸ்பகெட்டியைச் செருகுவோர் உண்டு. எதைச் செருகினாலும் வெட்டுமுன் எடுத்துவிட வேண்டும். கேக்கை வாங்குவோரிடம் அதைச் சொல்லியும் அனுப்ப வேண்டும். அழகைவிட இது முதன்மையானது என்பது என் கருத்து.

இனி வெப்பநிலை. வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகும்; அதற்கு வெகுமுன்பே இளகிவிடும். சென்னையின் கோடை நண்பகலோ 35 பாகையைத் தாண்டுவது வழக்கம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பூச்சு இறுகும். ஆனால் அக்கேக்கை வெளியே எடுத்தவுடன், காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பின்மேல் துளிகளாகப் படியும். குளிர்ந்த குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவே இங்கும் நிகழ்கிறது. தாகமுள்ள ஃபாண்டன்ட் அவ்வீரத்தைப் பருகிக் குழைகிறது. ஆகவே கேக்கை மூடிய பெட்டியோடு வெளியே எடுத்து, அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை திறவாமல் வையுங்கள். துளிகள் பெரும்பாலும் பெட்டியின் வெளிப்புறத்திற் படியும். அதனினும் எளிய வழி, பூக்களைத் தனியே உலர்வாக வைத்திருந்து, விழா நேரம் நெருங்கும்போது ஒட்டுவது.

ஐயமிருப்பின் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தட்டில் பட்டர்கிரீமைப் பரப்பி இறுகவிடுங்கள். ஒரே அளவான மூன்று ஃபாண்டன்ட் துண்டுகளில் ஒன்றை உலர்வாகவும், ஒன்றை நீர் சொட்டவும், ஒன்றைச் சிறிது பட்டர்கிரீம் தடவியும் அதன்மேல் ஒட்டுங்கள். தட்டைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரம் கவனியுங்கள். எது நின்றது, எது நழுவியது, எங்கே சாயம் கசிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கம் பல நாளிற் கற்பிப்பதை அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் காட்டிவிடும்.