பொருளாளர் இருக்கிறார், பொருள் எங்கே?

திராவிடக் கட்சிகளின் கிளை நிர்வாகிகள் வரிசையில் அவைத்தலைவருக்கும் செயலாளருக்கும் அடுத்து, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், பொருளாளர் என்று ஒருவர் இருப்பார். பிறந்தநாள் சுவரொட்டியிலும் கல்யாண ஃப்ளெக்ஸிலும் அவர் பெயர் விடுபடாது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் அவர் வைத்துக் காக்கக் கிளைக்கென்று பொருள் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை உறுப்பினர்கள் கூடுவது, போன கூட்டத்தின் தீர்மானத்தைப் படிப்பது, வரவு செலவை ஒப்பிப்பது, ஊர்ப் பிரச்சினை இரண்டைப் பேசி ஒன்றியத்துக்கு எழுதுவது: இவைதான் கட்சி அமைப்பின் அரிச்சுவடி. அது ஏன் அழிந்துபோனது என்று கேட்டால், இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது, எல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுகிறது என்பார்கள். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. பணம் கீழிருந்து மேலே போனவரை கூட்டம் நடந்தது. மேலிருந்து கீழே வரத் தொடங்கியதும் கூட்டத்துக்கு வேலை இல்லாமல் போனது.

1920 நாக்பூர் காங்கிரஸில் காந்தி கொண்டுவந்த புதிய அமைப்பு விதிகள் கிராமம், தாலுகா, மாவட்டம், மொழிவழி மாகாணம் என்று படிகளைக் கட்டின. அந்தப் படிகளில் ஏறுவதற்கான கட்டணம் ஆண்டுக்கு நாலணா. தொகை சிறிது, ஆனால் அதைக் கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வந்தது. 1934-இல் காந்தி காங்கிரஸை விட்டு விலகியபோது, அவர் நாலணா மெம்பர்கூட இல்லை என்று சொன்னாலே விலகல் எவ்வளவு முழுமையானது என்பது எல்லோருக்கும் புரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த அமைப்பு கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மைரன் வீனர் ஐந்து இடங்களில் காங்கிரஸை ஆராய்ந்து 1967-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒன்று மதுரை. உள்ளூர்க் கட்சிக்காரர் குடிமக்களின் குறைகளை அதிகாரிகளிடம் கொண்டுபோகும் இடையாளாக இருந்ததைக் கட்சியின் பலத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் கண்டார். அந்த நூல் வந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது என்பது வேறு கதை.

இழக்கவைத்த கட்சியின் கணக்கு இன்னும் சுவையானது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கப்பட்ட தி.மு.க., 1957 வரை எந்தப் பொதுத் தேர்தலிலும் போட்டியிடவில்லை. எம்.எல்.ஏ. இல்லை, ஒப்பந்தம் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. அந்த எட்டாண்டுகள் கிளைகள் படிப்பகம் நடத்தின, பொதுக்கூட்டம் போட்டன. அண்ணாவும் கருணாநிதியும் மேடையேறி நடித்த நாடகங்கள் கொள்கையைப் பரப்பியதோடு கட்சிக்கு நிதியும் திரட்டின. 1967 தேர்தலுக்கு முன் நடந்த விருகம்பாக்கம் மாநாட்டில், அண்ணா வைத்த 10 லட்சம் ரூபாய் இலக்கைத் தாண்டி 11 லட்சத்தைக் கருணாநிதி ஒப்படைத்தார். சைதாப்பேட்டை வேட்பாளராக அவர் பெயரை அறிவிக்கும்போது அந்தத் தொகையையே அண்ணா அடைமொழியாக்கினார். ஊர் ஊராகச் சுற்றித் திரட்டிய பணம் அது. கொடுத்தவர்களின் முகம் வாங்கியவருக்குத் தெரியும்.

ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1972 அக்டோபரில், அதே கட்சியின் பொருளாளரான எம்.ஜி.ஆர். பொறுப்பில் இருப்பவர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று பேசினார். கட்சியை விட்டு நீக்கப்பட்டார், புதுக்கட்சி கண்டார். அவர் கேட்டதற்குப் பின்னால் வேறு காரணங்கள் இருந்தன என்பாரும் உண்டு, இருக்கட்டும். தமிழ்நாட்டு அரசியலின் மிகப் பெரிய பிளவுக்குக் கிடைத்த சொல் ‘கணக்கு’ என்பதைக் கவனிக்காமல் விட முடியாது. ஆனால் கணக்குக் கேட்டு உருவான கட்சியும் கிளை அளவில் கணக்கு வாசிப்பதை வழக்கமாக்கவில்லை. இன்றைய நிலைக்கு வருவோம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், பெயர் வெளியிடாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாது என்ற பிறகு விவரங்கள் வெளிவந்தன. தி.மு.க. அந்தப் பத்திரங்கள் மூலம் பெற்றதாகச் சொன்னது 656 கோடி ரூபாய்க்கு மேல்; அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. பா.ஜ.க.வின் தொகை இதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம். இப்படிப் பணம் கிடைக்கும்போது கிளையின் சந்தாவை யார் எதிர்பார்க்கப்போகிறார்கள்? தேர்தல் செலவு மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கும் ஒன்றியத்திலிருந்து ஊருக்கும் இறங்குகிறது. கிளைச் செயலாளர் கணக்குச் சொல்வது கொடுத்தவரிடம்தான். உறுப்பினர்களிடம் ஒப்பிக்க அவரிடம் ஒன்றுமில்லை.

இதற்கு வலுவான மறுப்பு இடதுசாரிகள் பக்கமிருந்தே வரும். மார்க்சிஸ்ட் கட்சி தேர்தல் பத்திரம் வாங்கவில்லை. அதை எதிர்த்து வழக்கே போட்டது. உறுப்பினர்கள் வருமானத்துக்கேற்ப லெவி கட்டுகிறார்கள், கிளைக் கூட்டம் நடக்கிறது. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த அகில இந்திய மாநாடுகூட கிளை மாநாட்டில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி வந்ததுதான். அப்படியிருந்தும் 34 ஆண்டுகள் ஆண்ட மேற்கு வங்கத்தில் சிங்கூரிலும் நந்திகிராமிலும் தொழிலுக்கு நிலம் எடுக்கப்போய் விவசாயிகளின் மனதை அறியத் தவறி, 2021 சட்டமன்றத்தில் ஓரிடமும் இல்லாமல் நின்றார்களே? நியாயமான கேள்வி. லெவி கட்டியவர்கள் கேள்வி கேட்கலாம் என்பதைவிட, மேலே எடுத்த முடிவை நிறைவேற்ற வேண்டும் என்பது அங்கே கனமாகிவிட்டது. தவிர, கிராமத்தில் எதைப் பெறுவதற்கும் கட்சியே வாசலாகிவிட்டபோது கிளைக்கு வேறொரு செல்வாக்கு கிடைத்தது. அதற்கு லெவிப் புத்தகத்தில் பத்தி கிடையாது. ஆகவே சந்தா மட்டும் ஒரு கட்சியைக் காப்பாற்றாது என்று ஒப்புக்கொள்கிறேன். சந்தா இல்லாத கிளை கேள்வி கேட்குமா என்றால், அதற்கு ஓர் உதாரணம்கூட எனக்கு அகப்படவில்லை.

கிளை போனால் என்ன, பூத் கமிட்டி வந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். 2024-இல் தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆள் போடும் கட்சி வலுவிழந்ததென்று எப்படிச் சொல்வது? 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின்போது வீடு வீடாகப் போனவர்களில் இப்படிக் கட்சிகள் போட்ட முகவர்களும் உண்டு. அது வெறும் கட்சி வேலை அல்ல, பொதுச் சேவையும்கூட. ஆனால் பூத் கமிட்டி கூடுவதில்லை, கூட்டப்படுகிறது. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் இறந்தார், யார் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று அதற்குத் தெரியும். ஏரி மதகு பழுதானதில் கட்சியின் நிலை என்ன என்று அதைக் கேட்க யாருக்கும் தோன்றாது. வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சங்கடமான கேள்வியை அட்மின் ஒரு தொடுதலில் நீக்கிவிடலாம், திண்ணையில் அது முடியாது.

பழைய திண்ணையை மெச்சுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. படிப்பகத்திலும் முடிதிருத்தகத்திலும் டீக்கடையிலும் கூடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பல ஊர்களில் ஊருக்கொரு கிளை, சேரிக்கொரு கிளை. இதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. இருந்தாலும் அன்று யார் வரவில்லை என்பதை வருகைக் கையெழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இன்று கையெழுத்துப் போட நோட்டே இல்லை.

உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்க வேண்டும் என்று 1999-இல் சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதன் பிறகும் கட்சிகள் அமைப்புத் தேர்தல் நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. தலைவர்கள் போட்டியின்றித் தேர்வாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேர்தல் நடத்து என்று சொல்வதைவிடச் சின்னதாக ஒன்றைக் கேட்கலாம். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தருகின்றன, ஆண்டுக் கணக்கும் தருகின்றன. அதோடு, உறுப்பினர் சந்தா எந்தக் கிளையிலிருந்து எவ்வளவு வந்தது, அந்தக் கிளை ஆண்டில் எத்தனை முறை கூடியது என்று ஓர் இணைப்பைச் சேர்க்கச் சொன்னால் போதும். பூஜ்யம் என்று எழுதுவதற்காகவாவது கிளைப் பொருளாளர் ஒரு நோட்டு வாங்க வேண்டியிருக்கும்.