பெயருக்குள் ஒரு தொழில்: பேக்கரும் மரைக்காரும்

ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்குள்ள பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் பேக்கர் என்றால் பாண் சுடுபவர். அதற்காக அதனைப் 'பாண்காரர் நீர்வீழ்ச்சி' என்று எவரும் மொழிபெயர்ப்பதில்லை. அப்பெயர் சேர் சாமுவேல் பேக்கர் (1821 - 1893) என்னும் ஆங்கிலேயரைக் குறிக்கிறது. இவர் 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலேயர் குடியேற்றம் ஒன்றை அமைத்தவர். யானை வேட்டையில் பேர்போனவர். பின்னர் ஆபிரிக்கா சென்று 1864இல் அல்பேட் ஏரியை அடைந்தவர். பாண் சுட்டவர் அல்லர். அப்படியாயின் இப்பெயர் அவருக்கு எப்படி வந்தது?

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மக்களுக்கு ஒரு பெயரே இருந்தது. ஒரே கிராமத்தில் நாலைந்து ஜோன்கள் இருந்தால் இரும்படிக்கும் ஜோன், பாண் சுடும் ஜோன் என்று பிரித்தழைத்தனர். ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் இவ்வடைகள் மெல்ல மெல்லக் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. இரும்படித்தவர் சிமித் ஆனார். தையல்காரர் டெய்லர் ஆனார். இது 1066இல் நடந்த நோர்மன் வெற்றியின் பின் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி அறவிட்டபோது இத்தகைய பெயர்கள் பதிவேடுகளில் ஏறின. எழுத்தில் ஏறிய பெயர் எளிதில் மாறுவதில்லை. மகன் உலைக்களத்தை விட்டு வயலுக்குப் போன பின்பும் சிமித்தாகவே இருந்தான். இன்று இங்கிலாந்தில் மிக அதிகமானோர் கொண்டுள்ள குடும்பப் பெயர் சிமித்தே.

தமிழுக்கு இது புதிதன்று. மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் எனப் படித்திருப்பீர்கள். கூலம் என்பது தானியம். சங்கப் புலவர் சிலரின் பெயரில் 'வண்ணக்கன்' என்னும் அடை வரும். நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவன் என்பது அதன் பொருள். இச்சொல்லை மறந்துவிடாதீர்கள், சற்றுப் பின்னர் தேவைப்படும்.

இனி நமது ஊருக்கு வருவோம். உங்கள் வகுப்பு இடாப்பைப் பாருங்கள். யூ.எல்., ஏ.எல்.எம்., ஐ.எல். என எத்தனை பெயர்கள்! இந்த 'எல்' பெரும்பாலும் லெப்பை. நமது பகுதியில் லெப்பை என்றால் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர், மார்க்கக் கடமைகளை முன்னின்று நடத்துபவர். ஆனால் லெப்பை என்ற பெயருடைய எல்லோரும் அப்பணியைச் செய்தவர்கள் அல்லர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை (1838 - 1898) தொழிலால் ஒரு சட்டத்தரணி.

மரைக்காரின் கதை இதைவிடச் சுவையானது. மரக்கலராயர் என்பதே திரிந்து மரைக்காயர், மரைக்கார் ஆயிற்று என்பர் ஒரு சாரார். அரபியில் கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர் மறு சாரார். எவ்வாறாயினும் இரண்டும் கடலையே காட்டுகின்றன. கள்ளிக்கோட்டைச் சமோரினின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்கார்கள் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றனர். அவர்களுள் நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னை சமோரினிடம் உதவி கேட்டதை வரலாற்றுப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். அவனுக்கு உதவப் புறப்பட்ட பட்டு மரைக்காரின் கப்பற்படையைத்தான் 1538இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் போர்த்துக்கேயர் முறியடித்தனர்.

ஆனால் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் மரைக்கார் என்றவுடன் எவருக்கும் கப்பல் நினைவுக்கு வராது. பள்ளிவாசலே நினைவுக்கு வரும். நமது கரையோர ஊர்களில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். அக்குடி தாய்வழியாக வருவது. குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்வது நெடுநாள் வழக்கம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் பின் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் சட்டப்படி நியமிக்கப்படலாயினர். எனினும் மரைக்கார் என்ற சொல் வழக்கொழியவில்லை. கடலோடியின் பெயர் பள்ளிவாசல் பொறுப்பாளரின் பெயராகிவிட்டது.

இப்போது வண்ணக்கரை நினைவுகூருங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத் தமிழ் ஊர்களில் கோயில் பொறுப்பாளரை வண்ணக்கர் என்பர். சங்க காலத்தில் காசைச் சோதித்தவனின் பெயர் இங்கே கோயிற் பொறுப்பைக் காப்பவரின் பெயராயிற்று. அவ்வூர்களிலும் குடி தாய்வழியே வருகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒன்றில் மரைக்கார், மற்றதில் வண்ணக்கர். பெயர் வேறு, வந்த வழி வேறு, பணி ஒன்று. என்னைக் கேட்டால், நமது பிரதேச வரலாற்றை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆங்கிலப் பெயருக்கும் நமது பெயருக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. சிமித்தின் பேரனும் சிமித்தே. நம்மிடம் தந்தையின் பெயர் முதலெழுத்தாக மட்டும் நிற்கும். தந்தை உதுமாலெப்பை எனக் கொள்வோம். மகன் யூ.எல். அப்துல் மஜீத். பேரனுக்கு முதலெழுத்து ஏ.எம். லெப்பை இரண்டே தலைமுறையில் மறைந்துவிட்டது. ஆங்கிலப் பெயர் அறுநூறு ஆண்டுகள் சுமந்துவரும் செய்தியை நமது பெயர் அறுபது ஆண்டுகளில் இழந்துவிடுகிறது. பரீட்சை விண்ணப்பத்தில் 'முதலெழுத்துக்களால் குறிக்கப்படும் பெயர்கள்' என்ற இடத்தை நிரப்பும்போது அவற்றை விரித்து எழுதுகிறீர்கள் அல்லவா? உங்கள் வாப்பாவின் முதலெழுத்துக்களையும் அவ்வாறே விரித்துப் பாருங்கள். முடியாவிட்டால் மூத்தம்மாவிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் பழைய காணி உறுதியில் இருக்கக்கூடும்.

விடை எழுதும்போது இரு இடங்களில் கவனம் தேவை. பெயர் ஒரு தடயமே. தனித்து நின்று சான்றாகாது. ஒருவர் மரைக்கார் என்பதால் அவர் குஞ்ஞாலியின் வழித்தோன்றல் என எழுதிவிட வேண்டாம். சாமுவேல் பேக்கர் பாண் சுடவில்லை. இரண்டாவது, சொல் பற்றியது. இத்தகைய பெயர்களைத் 'தொழிற்பெயர்' எனக் குறிப்பிடாதீர்கள். இலக்கணத்தில் தொழிற்பெயர் என்பது ஓடுதல், படித்தல் போன்றவற்றைக் குறிக்கும். 'தொழில்வழி வந்த பெயர்' என்றே எழுதுக.