வடிகட்டியின் வாயிலிலே

மா அரித்துப் பழகியவர்கள் அறிவர்: அரிதட்டிலே மாவைக் குவித்துக் கொட்டினால் அது ஒழுங்காக இறங்காது. மின்னிசைக் கருவிகளிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆனால் அங்கே, அளவுக்கு மிஞ்சிக் கொட்டுவதையே இசைஞர் பலர் விரும்பிச் செய்கின்றனர்!

நியூ யோர்க் மாநிலத்தைச் சேர்ந்த றொபேட் மூக் என்பார், 1964ஆம் ஆண்டில், ஹேர்பேட் டொய்ச் என்னும் இசையமைப்பாளருடன் கூடி, தனித்தனிக் கூறுகளை வடங்களால் இணைத்து ஒலியை ஆக்கும் சிந்தசைசர்க் கருவிக்கு வித்திட்டார். ஒரு கூறு அலையைப் பிறப்பிக்கும். மற்றொன்று அதன் மேற்றொனிகளை வேண்டியவாறு நீக்கும். பின்னதே வடிகட்டி. திரான்சிற்றர்ச் சோடிகளை ஏணிப்படிபோல அடுக்கி மூக் அமைத்த வடிகட்டிக்கு 1969இல் அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது.

இந்தத் திரான்சிற்றர்ச் சோடியின் இயல்பு விந்தையானது. சில பத்து மில்லிவோல்ற்றுக்கு உட்பட்ட சமிக்ஞையையே அது பிசகின்றி ஏற்கும். அதற்கு மேற்பட்டால் அலையின் முகடுகள் மழுங்கும். மழுங்கவே, மூல ஒலியில் இல்லாத புதிய மேற்றொனிகள் தோன்றும். வெளியிலிருந்து வரும் அலையோ பல வோல்ற்று வலிமையுடையது. ஆகையால் வாயிலிலேயே தடையிகளை வைத்து அதனைக் குறைத்தல் வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 வோல்ற்று முகடுடைய அலை 100 கிலோ ஓம் தடையி வழியாக வருகிறது. அதன் பின் 220 ஓம் தடையி ஒன்று நிலத்துடன் இணைந்துள்ளது எனக் கொள்வோம். வடிகட்டியை அடைவது ஏறத்தாழ 11 மில்லிவோல்ற்று. முதற் தடையியைக் கழற்றி 47 கிலோ ஓம் தடையியை இட்டால் அது 23 மில்லிவோல்ற்றாகும். சில சதம் பெறுமதியான ஒரு சிறு பொருளால் கருவியின் குரலே மாறிவிடுகிறது.

1970இல் வெளிவந்த மினிமூக் கருவியிலே இம்மாற்றம் தற்செயலாக நேர்ந்தது என்பர். கணக்குப் பிழையினால் வடிகட்டிக்குச் செல்லும் அளவு 10 முதல் 15 டெசிபெல் மிகுந்துவிட்டதாம். அதாவது மூன்று மடங்குக்கும் அதிகம். அக்கருவியின் செழுமையான நாதத்துக்கு அப்பிழையே காரணமெனப் போற்றுவாரும் உளர். மாணாக்கர் இதனைத் தேர்வு மண்டபத்தில் முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக!

எனினும் இதற்கு விலையுண்டு. அளவு கூடக்கூட வடிகட்டியின் பரிவு அடங்கிப்போகும். கூரிய சீழ்க்கை போன்ற அந்த ஒலியை விரும்புவோர்க்கு இஃது இழப்பே. அளவை மிகக் குறைத்தாலோ இரைச்சல் மேலோங்கும். ஆதலின் நிலையான மாற்றத்தைவிட, 47 கிலோ ஓம் தடையியுடன் 100 கிலோ ஓம் மாறுந்தடையி ஒன்றைத் தொடராக இணைப்பதே நன்றென்பது என் கருத்து. குமிழைத் திருப்பி ஏறத்தாழ 7 முதல் 23 மில்லிவோல்ற்று வரை வேண்டியதைப் பெறலாம். கழற்றிய தடையியை எறிந்துவிடாது பெட்டியினுள்ளேயே ஒட்டி வைத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. உரத்த ஒலியை இனிய ஒலியென மயங்குவது செவியின் இயல்பு. முன்னையதையும் பின்னையதையும் ஒப்பிடுமுன், இரண்டின் வெளியீட்டு உரப்பையும் சமப்படுத்திக்கொண்டு கேட்க வேண்டும். அப்போது, மாற்றத்துக்கு முன்பிருந்ததே நன்றாயிருந்தது எனத் தோன்றினும் வியப்பில்லை.