நோட்டை விடு மச்சி... தாளத்தைப் பிடி!

காலேஜ் கல்ச்சுரல்ஸ். பாட்டுக்கு நடுவே கிடார் சோலோ ஆரம்பிக்குது. விரல்கள் பறக்குது. முதல் பத்து செகண்டு விசில் காதைப் பிளக்குது. அடுத்த பத்து செகண்டு, ஓகே ரகம். அதுக்கு அப்புறம்? முன் வரிசையில் இருக்கிறவங்க எல்லாம் பக்கத்து சீட்காரரோட பேச ஆரம்பிச்சுடறாங்க!

என்ன தப்பு நடந்தது? ஸ்கேல் கரெக்ட். நோட்டு கரெக்ட். ஸ்பீடு கேட்கவே வேண்டாம். ஆனால், எல்லா நோட்டும் ஒரே நீளம், ஒரே அழுத்தம். கமா, ஃபுல்ஸ்டாப் எதுவுமே இல்லாம மூச்சு விடாமல் பாடம் நடத்துகிற லெக்சரர் மாதிரி. பாடத்தில் விஷயம் இருந்தும் தூக்கம்தானே வருது?

இந்த வியாதிக்கு ஒரு நல்ல மருந்து இருக்கு. பேர், ஜாஸ் கிடார்!

‘ஐயோ, ஜாஸா? அந்தக் கஷ்டமான கார்டு எல்லாம் யாருப்பா படிக்கிறது?’ என்று ஓட வேண்டாம். கார்டு இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். ஜாஸ் ஆட்களிடம் ஒண்ணே ஒண்ணை மட்டும் சுட்டுக்கொண்டு வருவோம். ‘எந்த நோட்டு வாசிக்கிறாங்க’ என்பதை இல்லை... ‘எப்போ வாசிக்கிறாங்க’ என்பதை!

காப்பியில் ஆரம்பிச்ச மாஸ்டர்

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்தில் 1923-ல் பிறந்தவர் வெஸ் மான்ட்கோமரி. நோட்டேஷன் படிக்கத் தெரியாது. இருபது வயசை ஒட்டி, சார்லி கிறிஸ்டியன் என்ற கிடாரிஸ்ட்டின் ரெக்கார்டைக் கேட்டு ஆடிப்போனார். பென்னி குட்மேன் குழுவில் 1939-ல் சேர்ந்து, எலெக்ட்ரிக் கிடாரைத் தனியாகப் பேச வைத்தவர் இந்த கிறிஸ்டியன். 1942-ல், 25 வயசிலேயே இறந்துபோனார்.

வெஸ் என்ன செய்தார் தெரியுமா? ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, கிறிஸ்டியனின் சோலோக்களைக் காதாலேயே கேட்டு மனப்பாடம் பண்ணினார். அந்தச் சோலோக்களை அப்படியே வாசிக்கிறதுக்காகவே உள்ளூர் கிளப் ஒன்றில் வேலையும் கிடைத்தது. மனப்பாடம் பண்ணியதை வாசித்து முடித்தால் அவ்வளவுதான்... கையில் வேற சரக்கு இல்லை!

அதோடு நின்றிருந்தால் இன்று அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. பகலில் ஃபேக்டரி வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு என்று வருஷக்கணக்கில் ஓடி, 1960-ல் ‘தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிடார் ஆஃப் வெஸ் மான்ட்கோமரி’ என்ற ஆல்பத்தோடு வந்தார். பிக் கிடையாது. கட்டைவிரலால் மட்டும் மீட்டினார்.

அவருடைய சோலோ பலவற்றுக்கு ஒரு ரூட் உண்டு. முதலில் ஒற்றை நோட்டுகள். அப்புறம் அதே சுரத்தின் மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயி ரெண்டையும் சேர்த்து அடிக்கும் ஆக்டேவ். கடைசியில் முழு கார்டு. ஒற்றை நோட்டில் ஓடுகிற ஓட்டத்தை ஆக்டேவிலும் கார்டிலும் ஓடுவது ரொம்பக் கஷ்டம். அங்கே கேட்கிறவரைக் கட்டிப்போடுவது என்ன? தாளம்தான்! கிறிஸ்டியனின் நோட்டுகளை மனப்பாடம் செய்தவர், கடைசியில் தனக்கென்று ஒரு நடையோடு பேச ஆரம்பித்துவிட்டார். நமக்கு வேண்டியதும் அந்தப் பயணம்தான்.

பாடம் 1: நீளம், குட்டை

ஒரு பீட்டை இரண்டாகப் பிரித்தால் ரெண்டும் சம பாகம் என்றுதான் நாம் நினைப்போம். ஜாஸில் முதல் பாதி கொஞ்சம் நீளம், இரண்டாவது கொஞ்சம் குட்டை. இதுக்குப் பேர்தான் ஸ்விங். வேகம் ஏற ஏற இந்த வித்தியாசம் குறைஞ்சுக்கிட்டே போய், ரொம்ப வேகமான பாட்டில் கிட்டத்தட்ட சமமாகவே ஆயிடும். இன்னொரு ரகசியம், பல இடங்களில் அழுத்தம் விழுவது அந்தக் குட்டை நோட்டில். நாம் காலைத் தட்டுகிற இடத்தில் இல்லாமல், காலைத் தூக்குகிற இடத்தில் அடி விழுது. அதான் கேட்கும்போது உடம்பு தானா ஆடுது!

பாடம் 2: சும்மா இரு

ஜிம் ஹால் (1930-2013) என்று ஒரு மனுஷர். சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸோடு 1962-ல் வந்த ‘தி பிரிட்ஜ்’ ஆல்பத்தில் வாசித்தார். அதில் பியானோ கிடையாது. ‘இவ்வளவு காலி இடம் இருக்கே’ என்று நாமாக இருந்தால் இட்டு நிரப்பியிருப்போம். ஹால் நிரப்பலை. ரெண்டு மூணு நோட்டு சொல்வார், நிறுத்துவார். அந்த இடைவெளியில் டிரம்ஸ் கேட்கும், பேஸ் கேட்கும். அப்புறம் விட்ட இடத்திலிருந்து இன்னொரு வார்த்தை. மௌனமும் தாளத்தில் ஒரு பங்குதான். எங்கே நிறுத்துகிறோம் என்பதும் ஒரு வாசிப்பு.

பாடம் 3: ரிப்பீட்டு!

கிராண்ட் கிரீன் (1935-1979), கிடார் ஆட்களை விட சாக்ஸபோன் ஆட்களைக் கேட்டு வளர்ந்தவர். பெரும்பாலும் ஒற்றை நோட்டு வரிசைதான் வாசிப்பார். ஒரு சின்ன துணுக்கைப் பிடித்தால் விடவே மாட்டார். திரும்பத் திரும்ப அதையே அடிப்பார். ‘போதும்ப்பா’ என்று தோன்றும். இன்னும் நாலு தடவை. இப்போ ‘எப்போதான் மாத்தப் போறாரு’ என்று சீட்டு நுனிக்கு வந்துடுவோம். மாற்றும்போது... அப்பாடா! புதுப் புது ஐடியாவாகக் கொட்டுவதை விட, ஒரே ஐடியாவை நம்பி நிற்பதற்குத் தைரியம் அதிகம் வேணும். 1961-ல் வந்த ‘கிராண்ட்ஸ் ஃபர்ஸ்ட் ஸ்டாண்ட்’ ஆல்பத்திலிருந்து அவரைக் கேட்க ஆரம்பிக்கலாம்.

பாடம் 4: லேட்டா வா... ஆனா கரெக்டா வா!

மைல்ஸ் டேவிஸ் குழுவில் 1982-லிருந்து 85 வரை வாசித்த ஜான் ஸ்கோஃபீல்டு, பீட் விழுந்த அப்புறம் துளி தாமதமாக நோட்டை வைப்பதில் கில்லாடி. 1998-ல் வந்த ‘எ கோ கோ’ ஆல்பத்தைக் கேளுங்க. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வாசிக்கிற மாதிரி ஒரு சுகம். ஆனால் ஜாக்கிரதை... லேட்டாக வருவது வேற, தாளம் தப்புவது வேற! முதுகுக்குப் பின்னாடி சுவர் உறுதியாக இருந்தால்தான் சாயமுடியும். உள்ளுக்குள் பீட் ஆடாமல் அசையாமல் ஓடினால் மட்டுமே இந்த விளையாட்டு எடுபடும்.

பாடம் 5: நாலுக்குள்ள மூணு

4/4 தாளத்தில் நாலு பீட் சேர்ந்தது ஒரு பார். ஒவ்வொரு பீட்டையும் ரெண்டாக உடைத்தால் ஒரு பாருக்கு 8 நோட்டு. அதை 4+4 என்று வாசித்தால் டிரில் மாஸ்டர் மாதிரி இருக்கும். 3+3+2 என்று அழுத்தம் கொடுத்துப் பாருங்க. அதே எட்டு, ஆனால் இடுப்பு ஆடும்!

அடுத்த லெவல், அந்த ரெண்டையும் விட்டுவிட்டு மூணு மூணாகவே போவது. முதல் பாரின் கோடு எங்கே என்றே கேட்கிறவருக்குத் தெரியாது. ‘ஆளு தொலைஞ்சுட்டான்’ என்று நினைக்கும்போது, 24 நோட்டு முடிந்து சரியாக மூணு பார் கழித்து முதல் பீட்டில் வந்து உட்காரும். அந்த நிமிஷம் கிடைக்கிற கைத்தட்டலே தனி. ஐந்து ஐந்தாகப் போனால் 40 நோட்டு, அதாவது ஐந்து பார் ஆகும். கணக்குப் பாடம் இப்பவாவது உதவுதே!

வெள்ளைக்காரர் சொன்ன ‘தகிட’

மூணு மூணாக எண்ணுவது... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பாருங்க. அதேதான் 3+3+2!

இந்த ரூட்டைப் பிடித்தவர் ஜான் மெக்லாஃப்லின். 1942-ல் இங்கிலாந்தில் பிறந்த ஜாஸ் கிடாரிஸ்ட். மைல்ஸ் டேவிஸின் 1970-ம் வருஷத்து ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பத்தில் ஒரு டிராக்குக்கு இவர் பேரையே வெச்சிருக்காங்க. அவ்வளவு பெரிய ஆள், எல்.ஷங்கர், ஜாகிர் உசேன், நம்ம விக்கு விநாயகராம் இவர்களோடு சேர்ந்து ‘சக்தி’ குழுவை அமைத்தார். முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. கடத்துக்கும் தபலாவுக்கும் ஈடு கொடுத்து வாசிக்க, தாளத்தை வாயால் சொல்கிற கொன்னக்கோலை ஆசையாகக் கற்றுக்கொண்டார். 2007-ல் விக்கு விநாயகராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து, கொன்னக்கோல் சொல்லிக்கொடுக்கும் ‘தி கேட்வே டு ரிதம்’ என்ற டிவிடியும் போட்டார். பல வருஷம் கழித்து சக்தி மறுபடியும் கூடி வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு 2024-ல் கிராமி விருது கிடைத்தது.

உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். ‘தகிட’ சொல்லத் தெரிந்தால் ஜாஸ் வந்துவிடாது. ஸ்விங் என்பது கறுப்பின அமெரிக்கர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொடுத்த நடை. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே இறக்கணும். கொன்னக்கோல் நமக்கு ஒரு நல்ல அளவுகோல். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே தொலைந்துபோக அது உதவும்!

சரி, எப்படிப் பழகுறது?

ஒண்ணு: முழு சோலோ வேண்டாம். நாலே நாலு பார். யூடியூபில் ஸ்பீடைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்க. ரெக்கார்டு பிளேயர் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டவங்க காலத்தை நினைத்தால், நாம கொடுத்து வெச்சவங்க!

ரெண்டு: வாயால் சொல்லுங்க. சுரம் வேண்டாம், ‘டூ-டா-டட்’ என்று நடை மட்டும். 1976-ல் ‘பிரீஸின்’ ஆல்பம் தந்த ஜார்ஜ் பென்சன், கிடாரோடு சேர்ந்து அதே வரியைப் பாடுவார். 2001-ல் ‘தி நெக்ஸ்ட் ஸ்டெப்’ தந்த கர்ட் ரோஸன்விங்கலும் பாடிக்கொண்டே வாசிக்கிறவர்தான். வாயில் வராதது விரலில் வராது.

மூணு: கால் பீட்டைத் தட்டட்டும், கை நடையைத் தட்டட்டும். இதுக்கு கிடாரே வேண்டாம். ஹாஸ்டல் மெஸ் டேபிள் போதும், பஸ் ஜன்னல் கம்பி போதும். கிடார் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறவங்க இன்னிக்கே ஆரம்பிக்கலாம்.

நாலு: இப்போ கிடாரை எடுங்க. ஒரே ஒரு நோட்டில் அந்த நாலு பாரையும் வாசியுங்க. மெட்ரோனோம் 1, 3-ல் வேண்டாம். 2, 4-ல் மட்டும் ‘டிக்’ என்று விழுகிற மாதிரி வெச்சுக்குங்க. ஜாஸ் ஆட்களின் பழைய டிரிக் இது. ஒரே நோட்டில் வாசித்தும் போரடிக்கலைன்னா, பாஸ்!

ஐந்து: நடை அவருடையது, நோட்டு உங்களுடையது. தெரிந்த பென்டடானிக் ஸ்கேலைப் போடுங்க. மேஜர் பென்டடானிக் என்பது நம்ம மோகனத்தின் ஐந்து சுரங்களேதான்!

ஆறு: அதே நடையை அரை பீட் தள்ளி ஆரம்பியுங்க. தெலோனியஸ் மங்க் 1951-ல் ரெக்கார்டு பண்ணிய ‘ஸ்ட்ரெய்ட், நோ சேஸர்’ முழுக்க இந்த வேலைதான். ஒரே சின்ன துணுக்கு, ஒவ்வொரு தடவையும் வேற வேற பீட்டில் வந்து விழும்.

எல்லாத்தையும் செல்போனில் ரெக்கார்டு பண்ணி, மறுநாள் கேளுங்க. வாசிக்கும்போது காது நம்மகிட்ட பொய் சொல்லும். மறுநாள் உண்மையைச் சொல்லிடும்.

நோட்டை அப்படியே எடுத்து மேடையில் வாசித்தால், நீங்க இன்னொருத்தரின் நிழல். நடையை எடுத்து உங்க நோட்டைப் போட்டால், அது உங்க குரல். வெஸ் மான்ட்கோமரிக்கு அந்த ரெண்டுக்கும் நடுவே பல வருஷம் ஆச்சு. அதனால் அவசரமே இல்லை.

இந்த வாரம் நாலு பார். அவ்வளவுதான் ஹோம்வொர்க். ரெடியா? ஒன்... டூ... ஒன்... டூ... த்ரீ... ஃபோர்!